அரைப்பேர் அக்காவும் ஐந்து சைக்கிளும்

அன்று காலை ஆறரை மணிக்கு, வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர்கள்: கொழும்பிலிருந்து வந்த டிராவல்ஸ் ஐயா, அவரோடு வந்த வெள்ளைக்கார அம்மா, நான், மணி என்கிற நாய். எங்களுக்கு எதிரே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு அரைப்பேர் அக்கா.

ஒரு நாளும் சைக்கிளில் ஏறாமல் சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டி, அவர்களை முந்தியும் போன ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். நம்பாதவர்கள் லிந்துலைப் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை ஒரு பேர் என்போம். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். அக்கா பெண்கள் கங்காணியாக இருந்த காலத்தில் அரைப்பேர் போட அஞ்சவே மாட்டார். சொந்தத் தங்கச்சிக்கே கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டார். "மருதாணி காயலைன்னா கொழுந்து காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டாராம். பட்டம் அப்போது ஒட்டியது. ஓய்வு பெற்ற பிறகும் உதிரவில்லை.

எனக்கு பஜாரில் சைக்கிள் திருத்தும் கடை. கண்டிக்காரர் ஒருவர் தடித்த டயர் போட்ட ஐந்து சைக்கிள்களை என்னிடம் விட்டு, "சித்திரைக்குள்ள வாடகைக்கு ஆள் வந்தா இங்க இருக்கட்டும். இல்லைன்னா லொறியில ஏத்தி எல்ல டவுன் பக்கம் கொண்டு போயிருவேன்" என்று சொல்லிப் போயிருந்தார். காட்ரோடு என்கிற தோட்டத்துக் கல் ரோட்டில் சைக்கிள் ஓட்டக் காசு கொடுத்து யார் வருவார்கள்? மாசி பிறந்தும் ஒருத்தரும் வரவில்லை. அப்போதுதான் கொழும்பு டிராவல்ஸ்காரர் ரோட்டைப் பார்க்க வருவதாக போன் பண்ணினார். பிடித்தால் தொடர்ந்து ஆள் அனுப்புவார். பிடிக்காவிட்டால் லொறி.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்டை கடித்தால்? குளவி கலைந்தால்? சிறுத்தை குறுக்கே வந்தால்? மண் சரிந்தால்? பிரேக் பிடிக்காமல் போனால்? எல்லாவற்றுக்கும் ஒரு பையில் மருந்து கட்டினேன், சிறுத்தையைத் தவிர. ஒன்றுக்கு மட்டும் மருந்து இல்லை: எனக்குப் பஞ்சர் தெரியும், ரோடு தெரியாது. அக்காவிடம் போனேன்.

"காட்ரோடெல்லாம் தெரியுமாக்கா?"

"எனக்குத் தெரியுமான்னு கேக்காத தம்பி. அந்த ரோட்டுக்கு என்னையத் தெரியும்."

நாளுக்கு இரண்டாயிரம் ரூபாய் பேசினோம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பெரட்டு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.

ஆகவே பெரட்டு நடந்தது. பேரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நோனா என்று பேர் பதிந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு அக்கா அதை மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா அந்த ஒரு சொல்லை வைத்தே நாள் முழுவதும் காலம் தள்ளினார். தேத்தண்ணி வேணுமா? "இருக்கேன்." கால் வலிக்குதா? "இருக்கேன்."

காட்ரோடு மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். அக்கா குறுக்கில், தேயிலைக்கு நடுவே படிப்படியாக நேரே ஏறிவிடுவார். நாங்கள் மூச்சு வாங்க, ரோடு வளையும் முடக்குக்கு வந்தால், அவர் கல்லில் உட்கார்ந்து வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்.

"என்னாங்கய்யா, சைக்கிள் பழுதுங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் இம்புட்டு நேரம்?"

ஐயா ஓர் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா புத்தகத்தைத் திறந்தார்.

"என்னக்கா எழுதுறீங்க?"

"தள்ளிக்கிட்டு வந்தீங்கள்ல. அரைப்பேரு."

"நான் ரோட்டைப் பாக்க வந்தவன்க்கா!"

"பாக்க வந்தவங்களுக்குப் பேரே கெடையாதுங்க. ஏதோ பாவமேன்னு பாதி போட்டிருக்கேன்."

இறங்காமல் ஏறிய வெள்ளைக்கார அம்மாவுக்கு முழுப்பேர். ஐயா முகம் சுருங்கியது. எனக்கு லொறிச் சத்தமே கேட்டுவிட்டது.

அடுத்து எங்கே சந்திப்பது என்று அக்கா சொல்லிவிட்டுக் குறுக்கில் இறங்கினார். எங்கள் தோட்டங்களில் மலைக்கு நம்பர்தான் பெயர். ஒன்றாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை என்று. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்போம். மேக்கணக்கு, கீக்கணக்கு. இரண்டு கணக்கிலும் ஒரு பதினோராம் நம்பர் உண்டு. அக்கா சொன்னது, "கீக்கணக்கு பதினொன்னுல நிப்பேன் தம்பி." நான் அப்போது ஒரு மரத்தில் தொங்கியது குளவிக்கூடா பலாக்காயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூளையில் நின்றது பதினொன்று மட்டும்தான்.

ரோடு பிரியும் இடத்தில் மூட்டம் இறங்கிவிட்டது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணே, பதினோராம் நம்பர் மலைக்கு எப்பிடிங்க?"

"இந்தா, மேல ஏறுனா வந்துரும்."

ஏறினோம். அவரும் பொய் சொல்லவில்லை, அது மேக்கணக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல்தான் நான் எட்டாம் ஆண்டோடு நின்றேன். கணக்கு என் காலை வாரியது அது இரண்டாவது தடவை.

ஒரு மணி நேரம் நின்றோம். தூறல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஐயா நிமிஷத்துக்கு ஒரு தரம் மணியைப் பார்க்கத் தொடங்கினார். நாயை அல்ல, கைக்கடிகாரத்தை. இவர்கள் மூட்டத்தில் கால் தவறிச் சரிவில் விழுந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?

அப்போது கீழே எங்கேயோ இருந்து ஒரு குரல் வந்தது.

"டிராவல்ஸ் ஐயா!"

ஐயா திடுக்கிட்டு, "இ... இருக்கேன்!" என்றார்.

"நோனா!"

"இருக்கேன்!"

"சைக்கிள் தம்பி!"

குரல் எந்தப் பக்கம் என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சைக்கிள் தம்பீ! இருக்கியா இல்லியா?"

"இருக்கேன்க்கா!"

"மணி!"

மணி குரைத்தது. அந்தக் குரைப்பைப் பிடித்துக்கொண்டு அக்கா தேயிலையைப் பிளந்து மேலே வந்தார். சேலை முழுக்கச் சேறு. ஒரு செருப்பைக் காணவில்லை. கெண்டைக்காலில் மூன்று அட்டை. முழங்காலைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

ஐயா சிரித்தபடி, "என்னக்கா, இப்ப நீங்க லேட்டு!" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து என்னவோ எழுதினார். இறங்கும்போது எங்களுக்கு முன்னால் ரோட்டிலேயே, சைக்கிள் வேகத்துக்கு நடந்தார். குறுக்கில் போகவே இல்லை.

கடைக்கு வந்ததும் இரண்டாயிரத்தைக் கொடுத்தேன். ஒரு ஆயிரத்தைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"பிந்தி வந்தேன். எனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்."

"அக்கா, அது வந்து..."

"பேசாத தம்பி. எல்லாருக்கும் ஒரே செக்ரோலுதான். எந்தக் கணக்குன்னு சொல்லாம வுட்டுட்டேன் போல. வயசாகிப் போச்சு."

சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் ஐயா பக்கத்தில் நின்றார். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் ஐந்து சைக்கிளும் லொறியில் ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

ரோடு பிடித்ததா இல்லையா என்று சொல்லாமலே ஐயா கொழும்புக்குக் கிளம்பினார். இரண்டு வாரம் கழித்து போன் வந்தது.

"தம்பி, சனிக்கிழமை அக்கா இருப்பாங்களா? மூணு பேரோட வாறேன். அந்த ஏத்தத்துல இறங்காம ஏறி, எனக்கு ஒரு முழுப்பேர் வாங்கணும்."

சைக்கிள்கள் தங்கின. இப்போது அழைக்கிறவர்கள் ரோட்டைப் பற்றிக் கேட்பதற்கு முதல் பெரட்டு உண்டா என்றுதான் கேட்கிறார்கள். ஐயா நாலு தரம் வந்துவிட்டார், இன்னும் அரைப்பேர்தான்.

அக்கா மட்டும் கொஞ்சம் மாறிவிட்டார். ஒவ்வொரு முடக்கிலும் மூன்று தரம் சொல்கிறார், "கீக்கணக்கு, தம்பி. கீக்கணக்கு. கேட்டுச்சா, கீக்கணக்கு." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "எந்தக் கணக்குன்னு சொன்னேனா?" என்கிறார். கூட வருகிறவர்கள் வயசுக் கோளாறு என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த ஆயிரத்தைப் பலதரம் நீட்டிப் பார்த்தேன். தொட மாட்டேன் என்கிறார். நேரில் உண்மையைச் சொல்லப் பயமாக இருக்கிறது, ஆகவே இங்கே எழுதிவிட்டேன். லிந்துலையில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அக்கா, நீங்கள் கணக்கைச் சொன்னீர்கள். நான்தான் பலாக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அரைப்பேர் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அன்றைக்கு முழுப்பேர். நான் தர வேண்டிய பாக்கி, ஆயிரம் ரூபாய்.