நிற்கத் தெரியாத லொறி

லொறி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் எஞ்சின் செத்தது. வாங்கப் பார்க்கிறவர்களோ அன்று பின்னேரம் அசர் தொழுத கையோடு சம்மாந்துறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மீராசா குனிந்து, லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் கிருஷாந்தனின் காலைத் தட்டினார். லொறி விற்றால்தான் பக்கத்தில் மகள் றுஸ்னாவுக்குக் கட்டும் வீட்டுக்குக் கூரை ஏறும். கூரை ஏறினால்தான் நிக்காஹ். மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போகும் வீட்டுக்குள் நின்று அண்ணாந்தால் இப்போதைக்கு வானம் தெரிந்தது.

போன கிழமை வரைக்கும் கோளாறு வேறு. அது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஓட்டோ கியர் டீசல் லொறி. வேகம் பிடித்ததும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுவதற்கு டோர்க் கன்வேர்ட்டருக்குள் ஒரு லொக் உண்டு. அது பூட்டாமலே கிடந்தது. எஞ்சின் ஊரைக் கூட்டிக் கத்தும். லொறி மாட்டுவண்டியோடு போட்டி போடும். டீசல் மட்டும் தண்ணீராய் இறங்கும். பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் கிருஷாந்தன் ஒரு வயர் இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்ச் வைத்து, லொக்கைப் பூட்டிக் கொடுத்தான். லொறி பறந்தது.

பூட்டிய லொக் கழலவில்லை. சுவிட்சை அணைத்தாலும் சரி, வயரைப் பிடுங்கினாலும் சரி. பிரேக் பிடித்தால், கிளச்சை மிதிக்காமல் நிறுத்தியதுபோல ஒரு குலுக்கு, பிறகு மௌனம். எஞ்சின் செத்தால் லொக் கழலும். கிளப்பி வேகம் பிடித்தால் திரும்பவும் பூட்டிக்கொள்ளும்.

"கியர்பெட்டிய இறக்கணும் காக்கா. இண்டைக்கு ஏலா" என்றான் கிருஷாந்தன், அண்ணனிடம் சொல்லும் மரியாதையோடு.

"வேற வழி ஒண்டுமில்லையா?"

இருந்தது. சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கூட்டிவிட்டால் சாகாது என்றான். கூட்டினான். சாகவுமில்லை. மீராசா தெருவைச் சுற்றி வந்து வாசலில் பிரேக்கை மிதித்தபோது, லொறி கயிறறுத்த எருமைபோல முட்டித் தள்ளி, றுஸ்னாவின் புது மதில்தூணைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

மனைவி றாஹிலா அகப்பையோடு வெளியே வந்து பார்த்தாள்.

"கூரைக்கு லொறிய விக்கப் போறீங்க. மதிலுக்கு இனி என்னத்த விக்கிற?"

மீராசா, கூட்டிய வேகத்தைப் பழையபடி குறைக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய தம்பி றிஸ்கானைக் கூப்பிட்டார். நின்றால்தானே கரைச்சல்?

"மோட்டார்சைக்கிள்ல முன்னால போ மச்சான். சந்தியில எல்லாரையும் மறிச்சி வை. நான் நிக்காம வாறன்."

மருதமுனையிலிருந்து பக்கீரும் மனைவி பரீனாவும் வந்தார்கள். பரீனா முதல் வேலையாக லொறியின் பின்கூட்டுக்குள் ஏறி, தையல் டேப்பால் நீளம் அகலம் அளந்தாள். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். மழை ஒழுகுமா என்று கேட்டாள். மருதமுனை நெசவு ஊர், கைத்தறிச் சாரமும் சேலையும் ஏற்றுவார்கள் போலும், நனையக்கூடாதுதானே என்று மீராசா மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"லொறி எங்களுக்கு எதுக்கெண்டா..." என்று பக்கீர் தொடங்கினார்.

"முதல்ல ஓட்டத்தப் பாருங்க தம்பி. பிறகு கதைப்பம்."

காரைதீவு வீதியில் லொறி பறந்தது. முன்னால் றிஸ்கான் லைட்டைப் போட்டுக்கொண்டு கையை உயர்த்திப் போனதில், அமைச்சர் யாரோ வருகிறார் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கினார்கள். சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் சல்யூட்டே அடித்தார். மீராசாவும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

காரைதீவை நெருங்கும்போது ஒரு பக்கத்தில் டிராக்டர். மறுபக்கத்தில், அறுவடைக் காலமாதலால், வீதியில் காயப் போட்ட நெல். டிராக்டரை முட்டமுடியாது. நெல்லில் ஏற்றினார். நெல்வாரியால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்ற செல்லத்தங்கம் துள்ளி விலகிச் சொன்ன வார்த்தைகளில் பாதி காற்றோடு போனது நல்லதாயிற்று.

"பாத்தீங்களா, நெல்லுல போனாலும் வழுக்கல்ல" என்றார் மீராசா.

"கொஞ்சம் நிப்பாட்டி அந்த அக்காக்கிட்ட மன்னிப்புக் கேப்பமே" என்றார் பக்கீர்.

"திரும்பி வரக்குள்ள கேப்பம்."

திரும்பி வரும்போது அவர் யன்னலால் தலையை நீட்டி மன்னிப்புக் கேட்கத்தான் செய்தார். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. செல்லத்தங்கத்தின் நெல்வாரி கதவில் ஓங்கி விழுந்தது. ஒரு மூட்டை நெல் அனுப்பிவைக்க வேண்டும் என்று மீராசா மனதுக்குள் நேர்ந்துகொண்டார்.

வீட்டுத் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து, உருளவிட்டு, சாய்ந்த தூணுக்குப் பக்கத்தில் பூப்போல நிறுத்தினார். உடம்பெல்லாம் வியர்வை.

"லேசுல நிக்காத லொறி தம்பி" என்றார். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பக்கீர் இறங்கி மனைவியோடு ஒதுங்கி நின்று கதைத்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"நல்ல லொறி காக்கா. எங்களுக்குத்தான் சரிவராது."

மீராசாவுக்குக் கூரையில்லாத வீடு கண்ணுக்குள் வந்தது. "ஓட்டத்துல என்ன குறை கண்டீங்க?"

பக்கீர் மனைவியைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த பரீனாதான் சொன்னாள்:

"ஓட்டம்தான் காக்கா குறை. கடற்கரையில நிப்பாட்டி வெச்சி சாப்பாட்டுக் கடை போட, விலை குறைஞ்ச, ஓடாத லொறி ஒண்டத்தான் நாங்க தேடித் திரியிறம்."