அஞ்சலை அக்கா பார்க்காத போட்டி

மலேசியாவில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போய்விட்டு வெளியே வந்த தமிழர்களிலேயே, எங்கள் 'சரியான விடை' அண்ணனைப்போல் அந்தப் பெருமையைக் கட்டிக்காத்தவர் வேறு யாரும் கிடையாது. மறுப்பவர்கள் கெடா மாநிலத்துக் கோலா கெத்தில் பக்கம் போய், அந்தக் காலத்து ஆள் யாரையாவது பிடித்துக் கேட்டுப் பார்க்கலாம். கையில் வேறு வேலை மட்டும் இருக்கக்கூடாது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

அண்ணன் எங்கள் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். வெட்டுக்காட்டில் மரம் சீவிச் சேர்கிற ரப்பர் பாலை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் இறக்குவது வேலை. அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் தோட்டத்தில் பாதிப் பேர் 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்பார்கள். நான் அப்போது அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண். வந்த வாரமே எனக்கு அறிமுகமான முதல் சத்தம் அவருடைய லோரியின் ஆரன்தான்.

எழுபதுகளின் கடைசி அது. தொலைக்காட்சியில் தமிழுக்கென்று ஒதுக்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பொது அறிவுப் போட்டி வரும். இரண்டு போட்டியாளர்கள், ஆளுக்கொரு பொத்தான், நடுவில் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர். முதலில் பொத்தானை அமுக்கியவர்தான் பதில் சொல்லலாம். பதில் சரியாக இருந்தால் அறிவிப்பாளர் கையை உயர்த்தி, "சரியான விடை!" என்று முழங்குவார். தோட்டத்து மண்டபத்தில் இருந்த ஒரே கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் லயத்து வீடுகளில் இருக்கிற மொத்த சனமும் உட்கார்ந்திருக்கும். கடைசி வரிசையில் நின்றுகொண்டு அண்ணன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுவார். பாதி தப்பு. ஆனால் எல்லாம் சத்தமாக.

"பேசாம இவர அங்கயே அனுப்பிடுங்க டீச்சர், நம்ம காது பொழைக்கும்" என்றார் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி. தோட்டத்து அலுவலகத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அண்ணனின் பெயரை எழுதிப் போட்டேன். நம்பமாட்டீர்கள், கூப்பிட்டுவிட்டார்கள்!

பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொத்தானுக்கு எங்கே போவது? லோரி ஆரன் இருக்கவே இருக்கிறது. பால் இறக்கிவிட்டு வந்து லோரியைப் பள்ளிக்கூடத்து வேலியோரம் நிறுத்துவார். நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பேன்.

"மலேசியாவின் மிக உயரமான..."

பாம்ம்ம்!

"கினாபாலு மல!"

"அண்ணே, நான் கட்டடம்னு கேக்க வந்தேன்."

"கட்டடத்த யாரு டீச்சர் கேப்பா? மலையத்தான் கேப்பாங்க லா."

ஆரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆலைக் காவலாளி, பால் லோரி வருகிறதென்று ஓடிவந்து பெரிய கதவைத் திறப்பார். லோரி வராது. மூடுவார். அடுத்த கேள்வி. திறப்பார். அந்த மனிதர் கடைசியில் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, "எங்கயாச்சும் போயி ஜெயிச்சிட்டு வந்து தொலைங்க, ஒரே சூசா, தொல்லையா இருக்கு" என்று கும்பிட்டார்.

கோலாலம்பூருக்குப் போய்ப் பதிவை முடித்துவிட்டு வந்தார் அண்ணன். அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும்தான் சொன்னார். அறிவிப்பாளர் பெயரை வாசித்ததும் விறைப்பாக எழுந்து நின்று "ஐயா!" என்று கத்திவிட்டாராம். விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, கிராணி பெயர் கூப்பிட்டதும் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். அத்தனை வருடப் பழக்கம், கோட்டுப் போட்ட ஆளைக் கண்டதும் வந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

"அதெல்லாம் சரி, ஜெயிச்சீங்களா?"

"அத மட்டும் கேக்காதீங்க. டிவியில வர்ற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க."

வாக்கு என்றால் அண்ணனுக்கு வாக்குதான். வாரக் கணக்கில் வாயைத் திறக்கவில்லை. போதையில் உளறிவிடுவோமோ என்று கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்கா பால்மரம் வெட்டுகிறவர், அசைக்க முடியாத ஆள். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கேட்டார். குழம்பே வைக்காமல் கேட்டார். பேசாமல் இருந்து பார்த்தார். அண்ணன் கல்லுப் பிள்ளையார்.

ஒளிபரப்பு நாள் வந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்திருந்தார்கள். பெட்டிக்குள் அண்ணன் தெரிந்ததும் எழுந்த கூச்சலில், கூரைத் தகரம் அதிர்ந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். அதிர்ந்தது, நான் பார்த்தேன். எதிரே பேராக்கிலிருந்து வந்த போட்டியாளர். இருவரும் சமமாகவே வந்தார்கள். கடைசிக் கேள்வி.

"கெடாவில் தஞ்சோங் டாவாய்..." என்று அறிவிப்பாளர் ஆரம்பிக்கும்போதே பெட்டிக்குள் அண்ணன் பொத்தானை அமுக்கினார். கேள்வியே வரவில்லையே, பாவி மனுசா!

"மெர்போக் ஆறு!"

அறிவிப்பாளர் கையிலிருந்த கேள்வி அட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். "எந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது என்று கேட்க வந்தேன். சரியான விடை!"

எப்படி அண்ணே துணிந்தீர்கள் என்று பிறகு கேட்டேன். அக்காவுக்கு அந்த ஊர்க் கருவாடுதான் பிடிக்கும். அதை வாங்க அடிக்கடி போய் வருகிறவர் அவர். "தஞ்சோங் டாவாயில கேக்கறதுக்கு ரெண்டுதான் டீச்சர் இருக்கு. ஒண்ணு ஆறு, இன்னொண்ணு கருவாடு. கருவாட்ட டிவியில கேக்க மாட்டாங்க."

மண்டபத்தில் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆள், எங்கள் லோரிக்காரர், கெடாவுக்கே மாலை வாங்கிக் கொடுத்துவிட்டார்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் மட்டும் மேலேயிருந்து கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சல எங்க?"

அஞ்சலை அக்கா வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நெற்றி நிறையத் திருநீறு. ஈரச் சேலையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றிவிட்டு நேரே வந்திருக்கிறார்.

"என்னாச்சு? ஜெயிச்சீங்களா?"

"நீ பாக்கலியா?"

"நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா, ஆத்தாகிட்ட யாரு கேக்கறது?"

"அடியே, அது எப்பவோ நடந்து முடிஞ்சது! படந்தான் இன்னிக்குப் போட்டாங்க!"

"பரிச்ச எழுதி முடிச்சப்புறந்தான எல்லாரும் சாமி கும்பிடறாங்க? முடிவு இன்னிக்குத்தான சொன்னாங்க?" என்றார் அக்கா.

அன்றைக்கு ஆரம்பித்தது அண்ணனின் ஒரே குறை. ஊரே பார்த்தது. அஞ்சலை பார்க்கவில்லை.

வெளியில் அவருடைய கொடி உயரவே பறந்தது. யார் எதைச் சரியாகச் சொன்னாலும் கையை உயர்த்தி, "சரியான விடை!" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. முந்திக்கொண்டு அடிக்கிற பழக்கமும் போகவில்லை. ஒட்டுக்கடையில் பையன், "அண்ணே, குடிக்க..." என்றதும் மேசையில் ஓர் அடி, "தே தாரே, சீனி கொறச்சு!" என்று கத்துவார். பக்கத்து மேசைக் குவளைகள் எல்லாம் ஒரு துள்ளுத் துள்ளும்.

என் கூடப்பிறந்த அண்ணனின் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசித்த ஞாயிறு, சொந்தக்காரர்களை லோரியில் சுங்கை பட்டாணி மாதா கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். மரியாதையாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்திருந்தால்..." என்றார். படார்! பெஞ்சில் அடி. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல ஃபாதர், கை தானா போயிருச்சி" என்றார் அண்ணன். என் அண்ணி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

வீட்டில் மட்டும் பருப்பு வேகவில்லை. அந்தப் போட்டியை முழுதாக நடித்துக் காட்டுவார். அறிவிப்பாளர் குரலில் ஒரு தடவை, பேராக்காரர் குரலில் ஒரு தடவை, தன் குரலில் ஒரு தடவை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணால பாத்த மாதிரி வருமா?" என்பார். குத்தலாகச் சொன்னதில்லை. அக்காவுக்கும் அந்த ஏக்கம் இருந்தது. அதுதான் அண்ணனைத் தின்றது.

எண்பதுகளில், நானும் அந்தப் பள்ளியிலேயே நிரந்தரமாகிவிட்ட பிறகு, வீடியோப் பெட்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. கல்யாண வீட்டைப் படமெடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் அண்ணனுக்குப் பொறி தட்டியது. தன் போட்டியின் நாடாவைக் கேட்டு வாங்க லீவு எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"அங்க இருந்த ஆபீசரு நல்ல மனுசன் டீச்சர், உக்கார வச்சு வெவரமா சொன்னாரு. அந்த நாடாவ அழிச்சிட்டு அதுமேலயே வேற படம் புடிச்சிட்டாங்களாம். என் மேல இப்ப சமையல் நடக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லோரிக்கு மேல பெயிண்டு அடிச்சாலும் சொரண்டுனா பழைய பேரு தெரியுதே, இதையும் கொஞ்சம் சொரண்டிப் பாருங்கன்னேன். அந்த ஆளு சிரிக்கல. எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தாரு."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். ஊரையே சிரிக்க வைத்த மனிதர் முகத்தைக் காட்டாமல் நின்றது எனக்குத் தாங்கவில்லை. நாடா போனால் போகட்டும், மண்டபம் இருக்கிறது, பார்த்த கண்கள் இருக்கின்றன. திருவிழாக் கலைநிகழ்ச்சியில் அந்தப் போட்டியையே மறுபடி நடத்துவோம் என்று நான் சொன்னதும், தோட்டமே கிளம்பிவிட்டது.

பெரிய கிராணி கோட்டுப் போட்டு அறிவிப்பாளரானார். மளிகைக் கடைக்காரர் பேராக்காரர். மேடைக்கு முன்னால் தொலைக்காட்சிப் பெட்டிபோல் மரச்சட்டம் அடித்து, மேலே மூங்கிலில் இரண்டு ஆண்டெனாவும் வைத்துவிட்டார்கள். சண்டை வந்தது ஒன்றே ஒன்றுக்கு. அன்றைக்கு அண்ணன் போட்டிருந்த சட்டை என்ன நிறம்? நீலம் என்றார் ஒருவர். சிவப்பு, என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர். எல்லாரும் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"மஞ்ச. நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்" என்றார், போட்டியைப் பார்க்காத அஞ்சலை அக்கா.

திருவிழா மாலை. முதல் வரிசை நடுவில் பட்டுச் சேலையில் அக்கா. சட்டத்துக்குள் மஞ்சள் சட்டையில் அண்ணன். பெயர் வாசித்ததும் "ஐயா!" என்று கத்தினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று போலவே சமமாக வந்தார்கள். கடைசிக் கேள்வியும் வந்தது.

"கெடாவில் தஞ்சோங் டாவாய்..."

அண்ணன் கை பொத்தான் மேல் இருக்கிறது. அமுக்கவில்லை. கிராணி வேறு வழியில்லாமல் கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்தார். அப்போதும் அமுக்கவில்லை. அந்தப் பதில் தெரியாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் கிடையாது. மண்டபமே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் முதல் வரிசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்கா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொறுக்க முடியாமல் மளிகைக் கடைக்காரர் அமுக்கிவிட்டார். "மெர்போக் ஆறு... மன்னிச்சிக்குங்கண்ணே, வாயில வந்துருச்சி."

கிராணி சட்டம் தவறாதவர். கோட்டைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில், "சரியான விடை" என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. நான் கோயில்ல நின்னேன், ஜெயிச்சாரு. நான் இங்க உக்காந்து பாத்தேன், தோத்துட்டாரு. இப்ப சொல்லுங்க, அன்னிக்கு ஜெயிச்சது யாரு?"

மண்டபம் வெடித்தது. அண்ணன் மரச்சட்டத்தைத் தாண்டி இறங்கி வந்து, மஞ்சள் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவதான் லா!" என்று அக்காவின் கையைப் பிடித்து உயர்த்தினார். அப்படி ஒரு கைதட்டலை அவர் கோலாலம்பூரிலும் வாங்கியிருக்க மாட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணே, மெர்போக்கா மறந்துபோச்சி?"

"மறக்கல டீச்சர். அவ அப்படி பாத்தா நான் என்னா பண்றது? கல்யாணத்தன்னிக்குக்கூட என்ன அப்படிப் பாத்ததில்ல."

அன்று மண்டபத்தில் படமெடுக்கும் பெட்டி யாரிடமும் இல்லை. அதுவும் எங்கேயும் பதிவாகவில்லை. அண்ணன் ஜெயித்த நாடாவின் நகல் ஒன்று நாளைக்கே ஏதோ அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தாலும், நான் ஓடிப்போய்ப் பார்ப்பேனா என்று தெரியவில்லை. அவர் தோற்றதைத்தான் எனக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.