ஆறு மாதம் யோசித்த கையெழுத்து

'இருந்திருந்தால்காரர்' என்று மனிதரில் ஒரு வகை உண்டு. வயல்காட்டில் அது முளைக்காது. அங்கே தண்ணீர் வந்த அன்றைக்கே மடையைத் திறந்தாக வேண்டும். புதுச்சேரி டவுனில்தான், நெல்லித்தோப்புப் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுச் செழிப்பாக வளர்கிறது.

தணிகாசலம் வாத்தியாரைப் பாருங்கள். டுட்டோரியலில் ஆங்கில இலக்கணம் எடுப்பவர். நடக்காமல் போனதைச் சொல்லும் வாக்கியம் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். பத்து வருடமாக ஒரே உதாரணம்: 'இஃப் ஐ ஹேட் சைன்டு, ஐ வுட் ஹாவ் லிவ்டு இன் பாரிஸ்.' நான் கையெழுத்துப் போட்டிருந்தால் பாரிசில் வாழ்ந்திருப்பேன். அறுபத்திரண்டில், புதுச்சேரி பிரான்சிடமிருந்து சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆறு மாதம் கெடு வைத்தார்களே, அந்தக் கையெழுத்து. ஆறு மாதமும் யோசித்தார். ஏழாவது மாதம் பேனாவுக்கு மை போட்டார். அவர் வாழாத அந்தப் பாரிஸ் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் தெரியுமா? அவர் வகுப்பில் மூன்று முறை பெயிலான கண்ணையனுக்குத் தெரியும்.

அன்று நாலு மணிக்கு மகள் அமிர்தவல்லி சைக்கிளைச் சாய்த்துவிட்டு வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்றாள். ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பம். கடைசி நாள். அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஒரு வாரமாக, வீட்டுக் கொடியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் கிடந்த படிவத்தை அவளே உருவி எடுத்து வந்திருந்தாள்.

"அஞ்சு மணிக்கு ஆபீசு மூடிடுவாங்கப்பா."

"இரும்மா. கையெழுத்துன்னா சும்மாவா? அன்னிக்கு மட்டும் நான் போட்டிருந்தா, நீ பாரிசுலயே..."

"நான் பாரிசு கேக்கலப்பா. கீழ, அந்தக் கோட்டு மேல போடுங்க."

"சார், வேணும்னா நான் போடட்டா?" என்றான் கண்ணையன்.

வகுப்பே சிரித்தது. வாத்தியார் மானஸ்தர். அவனை பெஞ்சு மேல் ஏற்றி, ஒழுக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசி, படிவத்தை முன்னும் பின்னும் படித்து, அதில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து மகிழ்ந்து, பேனாவை நாலு தடவை உதறி, போட்டார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

உப்பளம் பக்கத்து ஆபீசுக்கு அவள் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது பூட்டுத் தொங்கியது. திரும்பி வந்த அமிர்தவல்லி படிவத்தை அவர் பையிலேயே செருகினாள். "நல்லா யோசிச்சுப் போட்டீங்க. நீங்களே வச்சிக்குங்க."

மறுநாள் கரும்பலகையில், பத்து வருடத்தில் முதல் முறையாக, புது உதாரணம். தமிழிலும் விளக்கினார்: "எம் பொண்ணு கொஞ்சம் வேகமா மிதிச்சிருந்தா, டீச்சர் ஆயிருப்பா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது சரி, உங்கள் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று ஒரு வாரமாகக் கிடக்கிறதே, அதற்குக் கடைசி நாள் என்றைக்கு?