இடது மூலையில் ஒரு தட்டு

அந்த மெயிலைக் கோபு ஏழாவது முறையாகப் படித்தார். ஏழாவது முறையும் அது மனம் மாறவில்லை.

கம்பெனியில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும், அடியோடு மாற்றி வடிவமைத்த புது வெர்ஷனுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தயாரா, இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பழைய வெர்ஷன் எங்கும் இருக்காது. இவ்வளவுதான் விஷயம்.

கூடவே புது வெர்ஷனின் படம் ஒன்று. அதில், இடது மூலையில் அடக்கமாக இருக்க வேண்டிய பொத்தான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் கோபுதான் டிஸ்பாட்ச் இன்சார்ஜ். தினம் நாலு மணிக்கு நாற்பது பெட்டிகளோடு ஒரு வண்டி கார் கம்பெனிக்குக் கிளம்பும். ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள் இருக்க வேண்டும். லேபிள் இல்லாவிட்டால் அங்கே கேட்டையே திறக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் கோபு அனுப்பிய வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் கம்ப்யூட்டரில் கோபு சார் புலி என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

புலியின் ரகசியம் புலிக்கும், பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுக்கும் மட்டுமே தெரியும்.

'இடது மூலையில் ஒரு தட்டு. மேலிருந்து மூன்றாவது மஞ்சள் பெட்டியில் இரண்டு தட்டு. ஏதாவது கேட்டால் வலது பக்கம் இருப்பதைத் தட்டு. மறுபடி கேட்டால் மறுபடி தட்டு.' அது என்ன கேட்கிறது என்பதைக் கோபு ஒருநாளும் படித்ததில்லை. சொந்த வீட்டில் இருட்டிலும் தண்ணீர்ப் பானைக்கு வழி தெரியும். பானையை நகர்த்தி வைத்தால் என்ன செய்வது?

பேச்சிராஜ் நிலைமைதான். ஸ்டோர்ஸில் அறுபது பேரை வேலை வாங்கியவர் அவர். கம்ப்யூட்டர் வராது என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னார். மறுநாளே கேன்டீனில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது "அண்ணே, ஒரு முட்டை சேர்த்துக் குடுங்க" என்று வருகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கோபுவுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் முட்டை டோக்கனோடு கழிக்க அவருக்கு மனமில்லை.

"சார், எல்லாரும் 'தயார்'னு போட்டுட்டாக. நம்ம மட்டுந்தான் பாக்கி" என்றாள் தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு பண்ற காரியமா இது? யோசிக்கணும்மா."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பொண்ணா பாக்கப் போறீக?"

கோபு மெயிலை எட்டாவது முறையாகப் படித்தார்.

அன்று திங்கட்கிழமை. சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் வீட்டில் அவர் மனைவி வேங்கடலக்ஷ்மி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"சாத்தமுதுல உப்பே போடலை. அதுகூடத் தெரியாம சாப்பிடறேளே, என்ன ஆச்சு உங்களுக்கு?"

கோபு சொன்னார். வேங்கடலக்ஷ்மி அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பெருமாள் முன்னாடி பூக்கட்டிப் பார்த்துடுவோம். நம்ம பொண்ணு ஸஹானா கல்யாணத்துக்கும் அப்படித்தானே முடிவு பண்ணினோம்?"

ஒரு காகிதத்தில் நந்தியாவட்டை, ஒன்றில் துளசி. நந்தியாவட்டை வந்தால் புதுசு, துளசி வந்தால் பழசு. இரண்டையும் மடித்துக் குலுக்கிப் பெருமாள் காலடியில் போட்டார்கள். வேங்கடலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நந்தியாவட்டை.

"சரியா குலுக்கலை. இன்னொரு தரம்" என்றார் கோபு.

இன்னொரு தரமும் நந்தியாவட்டை.

"மூணு தடவை பார்த்தாத்தான் கணக்கு."

மூன்றாவது தடவையும் நந்தியாவட்டையே வந்தது.

"புதுசுனால ஒரு கெடுதலும் இல்லைன்னு பெருமாளே சொல்லிட்டார். அப்புறம் என்ன?"

"பெருமாளுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னடி தெரியும்?"

"அபசாரம், அபசாரம்!" என்று வேங்கடலக்ஷ்மி தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கோபு சார்பிலும் இரண்டு போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, புதன்கிழமை கோபு பதில் அனுப்பினார். 'தயார் இல்லை. பிரிண்டர் பழையது.' பிரிண்டர் பாவம், அது எதிர்த்துப் பேசாது என்று தெரியும்.

அடுத்த நொடியே பதில் வந்தது. 'நன்றி. உங்கள் கருத்தைப் பெற்றுக்கொண்டோம். மாற்றம் நெட்வொர்க் வழியாக எந்நேரமும் தானாக நடக்கலாம்.'

"கருத்தைப் பெற்றுக்கொண்டானாம், கருத்தை!" என்று கோபு பல்லைக் கடித்தார். தானாக நடக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? இவர் வீட்டில் தூங்கும்போது, ஆளில்லாத ஆபீசில் அது திருடன் மாதிரி உள்ளே நுழைந்துவிடுமா? எந்த வழியாக நுழையும்? கம்ப்யூட்டருக்குப் பின்னால் நீல நிற ஒயர் ஒன்று செருகியிருந்தது. கோபு அதை இரு முனையிலும் பிடுங்கி, சுருட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பார்களே, அதுதான் நடந்தது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் ஒயர் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு போன் போட்டார்.

"பையில நீலமா ஒரு ஒயர் வெச்சிருந்தேனே, எங்கே?"

"அதுவா? கொல்லைப்புறம் துணிக்கொடி அத்துப் போயிருந்தது. நல்ல திடமா இருக்கேன்னு அதைக் கட்டிட்டேன். உங்க வேஷ்டிதான் காயறது."

"அடிப்பாவி! அதை அவிழ்த்து யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு!"

"முனையில பிளாஸ்டிக் துண்டு துருத்திண்டிருந்தது. முடிச்சே போட முடியலை. ரெண்டு பக்கமும் கத்தரிச்சுட்டேனே!"

ஒயர் இல்லாமல் அன்றைய ஆர்டர் பட்டியல் கம்ப்யூட்டருக்கு வராது. பட்டியல் இல்லாமல் லேபிள் வராது. தங்கமாரி ஆபத்துக்கு உதவ வந்தாள்.

"பதறாதீக சார். குவாலிட்டில என் ரூம் பொண்ணு இருக்கா. அவகிட்ட பென் டிரைவ்ல வாங்கியாரேன்."

பென் டிரைவைச் செருகினார்கள். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. நோட்டில் உள்ளபடி கோபு வலது பக்கம் தட்டினார். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினார். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. கோபு மின்விசிறியை அணைப்பதுபோல் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துப் போட்டார். பிறகு அது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னவோ எழுதிக் காட்டியதே தவிர, கண்ணைத் திறக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை தலைமை ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரவீனுக்கு போன் பறந்தது.

"டென்ஷன் ஆவாதீங்க சார். ஸ்பேர் சிஸ்டம் ஒண்ணு கீது. ராமன் அண்ணன் வண்டில ஒயரோட அனுப்புறேன். உங்களுத அதே வண்டில ஏத்தி வுட்ருங்க, சரி பண்ணி நாளைக்கு எடுத்தாரேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பிரவீன் வைத்துவிட்டான்.

மத்தியானம் மூன்று மணிக்கு டிரைவர் ராமன் பெட்டியோடு வந்து சேர்ந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர். வாயை மூடவே தெரியாதவர்.

"இந்தா சார், புது மாப்ள. சீக்கிரம் லேபிளைக் குடு. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."

கோபு கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் வேறு படம். எதுவும் இருந்த இடத்தில் இல்லை. மஞ்சள் பெட்டி மேலிருந்து பதினொன்றாவதாக, யாரோ ஒருத்தருடைய பிறந்தநாள் போட்டோவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கோபுவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"புகுத்திட்டான்! ஸ்பேர்னு சொல்லிப் புதுசைத் தலையில கட்டிட்டான்!"

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போராடினார். மேலிருந்து மூன்றாவதை இரண்டு தட்டு தட்டினால் கால்குலேட்டர் வந்தது. பதினொன்றாவதைத் தட்டினால் மஞ்சள் பெட்டி திறந்தது, ஆனால் வலது பக்கம் தட்டத் தட்ட மூடிக்கொண்டது. வெளியே ராமன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எதை எப்படித் தட்டினாரோ, பிரிண்டர் கடகடவென்று நாற்பது லேபிள்களைத் துப்பியது. கோபு பெருமாளைக் கும்பிட்டார். திங்கட்கிழமை பேசியதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டார்.

"சார், மேல எப்பவும் 'டி'ன்னு எழுத்து வரும்லா. இதுல பெருசா 'ஆர்'னு வந்திருக்கே?" என்றாள் தங்கமாரி.

"புது வெர்ஷன்ம்மா. எழுத்தைக்கூட விட்டு வைக்காம மாத்திட்டான் பாவி. நீ ஒட்டு."

வண்டி நாலு மணிக்கு டாண் என்று கிளம்பியது. ஆறு மணிக்கு டாண் என்று திரும்பியும் வந்தது. நாற்பது பெட்டிகளும் அப்படியே இருந்தன.

"இன்னா சார் இது? கேட்ல சிரிக்கிறானுங்கோ!" என்று ராமன் குதித்தார். "'ஆர்'னா ரிஜெக்டாம். 'உங்க கம்பெனியே வேணாம்னு கழிச்ச சரக்கை எங்க தலையில ஏன் கட்றீங்கோ'ன்றான். இருபது வருசமா வண்டி ஓட்றேன், இப்டி ஒரு அசிங்கம் பட்டதில்ல."

அந்த ஸ்பேர், கழித்த சரக்குக்கு லேபிள் அடிக்கும் இடத்தில் இருந்ததாம். கோபு நாற்காலியில் சரிந்தார். இருபத்திரண்டு வருஷப் பெயர் ஒரே நாளில் கப்பலேறிவிட்டது. அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, அவமானம் மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. தப்பு அவருடையதா? சிவனே என்று உழைத்துக்கொண்டிருந்த நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு இந்தப் பிசாசை அனுப்பியவர்களுடையதல்லவா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆலை மேனேஜர் கனகலட்சுமி மேடம் நேரிலேயே டிஸ்பாட்சுக்கு வந்தார். கோபு தயாராக இருந்தார். முழு வெள்ளைத் தாளில், கையால் எழுதிய கடிதத்தை நீட்டினார்.

மேடம் உரக்கப் படித்தார். "'புது வெர்ஷன் மனிதர்கள் உபயோகிக்கத் தக்கதன்று. இதில் என்னால் ஒருநாளும் வேலை செய்ய இயலாது. எனக்கு என் பழைய கம்ப்யூட்டரே வேண்டும்.' கோபு சார், நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"நாலு நாளா யோசிச்சு எழுதினது மேடம். கையெழுத்தும் போட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, பழுது பார்த்த கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு பிரவீன் உள்ளே வந்தான். தொலைந்துபோன பிள்ளை திரும்பி வந்த மாதிரி கோபு எழுந்து ஓடினார். தானே ஒயரைச் செருகினார். திரையில் வெளிச்சம் வந்தது. இடது மூலையில் பொத்தான். மேலிருந்து மூன்றாவது மஞ்சள் பெட்டி. கோபுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், இப்பப் பாருங்க. கண்ணை மூடிண்டே பண்றேன்!"

சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு, மறுபடி ஒரு தட்டு. மூன்றே நிமிஷத்தில் நாற்பது லேபிள்கள் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் 'டி'. தங்கமாரி கைதட்டியேவிட்டாள். ராமன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனபோது மணி மூன்றரைகூட ஆகவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? இதுக்குப் பேரு கம்ப்யூட்டர். தங்கம்!" என்று அதன் தலையில் தட்டிக் கொடுத்தார் கோபு. "பழசு பழசுதான். அந்தப் பீடையை இந்த நிமிஷமே எடுத்துண்டு போகச் சொல்லுங்க."

மேடம் கடிதத்தை மடித்தார்.

"வேகமெல்லாம் சரிதான் சார். ஆனா பழசு இன்னியோட முடிஞ்சுபோச்சு. நாளையில இருந்து கம்பெனி முழுக்கப் புதுசு மட்டும்தான். புதுசுல ஒருநாளும் வேலை செய்ய முடியாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்? திங்கட்கிழமை பேச்சிராஜ் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன்."

கோபுவின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் வாயாலேயே கெட்டோமே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரவீன் மட்டும் ஒன்றும் புரியாமல், ஸ்பேர் கம்ப்யூட்டரையும் கோபுவின் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மேடம், நான் இப்ப தூக்கிக்கினு போறதுதான் பழசு. சார் தங்கம் தங்கம்ன்றாரே, அதுல ஆடி மாசமே சார் லீவுல இருந்தப்போ புதுசு போட்டு, எல்லாத்தையும் இருந்த இடத்துலயே அடுக்கி வெச்சுட்டேன்!"