உயிரோடு இருப்பவரைப் புகழ்ந்த குற்றம்

காட்டுப்பள்ளிக் கரையில் தோணியும் வலையும் பிள்ளைகுட்டிகளுமாகச் சகல சம்பத்தோடும் விளங்குகிற மகாராஜராஜஸ்ரீ மச்சான் திருவேங்கடம் அவர்கள் சமூகத்துக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து தங்கள் தங்கை ஜெயம்மாவின் புருஷனும் எல்லையம்மன் திருவிழாக் கோமாளியுமாகிய வரதன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் ஒருவன் நீங்கலாக எல்லாரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை ஓலை கொண்டுவருகிற மத்தளக்காரன் சின்னதம்பியிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் போதும். பதில் எழுதத் தாங்கள் சிரமப்பட வேண்டாம், நானே அங்கே வந்துவிடப்போகிறேன்.

மச்சான், எழுத்தாணி ஓலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஊர் கூடி என்னை நடுவில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். யாரையாவது தாறுமாறாக ஏசிவிட்டேன் என்றா? அப்படியிருந்தால் இந்த அதிர்ச்சி ஏன்? ஊர்த் தலைவரான நாட்டாரைப் புகழ்ந்துவிட்டேன் என்று! தங்கள் ஊர் அம்மன் உலாவுக்குக் கோமாளி கிடையாது, ஆகையால் விவரமாகச் சொல்லுகிறேன். இங்கே திருவிழாவன்று பொழுது சாயும் நேரத்தில் அம்மன் புறப்பட்டால் கோமாளி முன்னால் போவான். வாசலுக்கு வாசல் நின்று வீட்டுக்காரரைப் பேர் சொல்லி ஏசுவான். அவர்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்தச் சிரிப்போடு வருஷத்துக் கண்ணேறெல்லாம் போய்விடும் என்று நம்பிக்கை. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் ஏச்சு கிடையாது. அங்கே கைகூப்பி நின்று, போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆகமொத்தம், எங்கள் ஊரில் கோமாளி வாயால் நல்ல பேர் வாங்க வேண்டுமானால் முதலில் செத்தாக வேண்டும்.

போன வருஷம்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. ஒல்லாந்தர் கோட்டையில் துபாஷியாக இருக்கிற பூபதி வாசலில், தேங்காய் நாரைத் தலையில் கவிழ்த்து, கோட்டைத் தலைவன் கப்பித்தானுடைய பொய்முடி மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். கப்பித்தான் ஒரு வார்த்தை பேசினால் பூபதி ஒன்பது வார்த்தையாகத் தமிழில் சொல்லுவார், அதில் எட்டு வார்த்தை பூபதியின் பெருமை, இது ஊருக்கே தெரியும். அதை ஆடிக் காட்டினேன், அவ்வளவுதான். ஊர் உருண்டு புரண்டு சிரித்தது. மறுநாள் ஜெயம்மாவும் மற்றப் பெண்களும் மீன் கூடையோடு கோட்டை வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. கவுச்சி நாற்றம் ஆகாது என்று உத்தரவாம், சொன்னவர் பூபதி. ஏரி தோன்றிய நாள் முதல் இல்லாத நாற்றம் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது! உச்சி வெயிலில் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள் மச்சான், ஆடினவன் நான், அடி வாங்கினது அவர்கள். சாயங்காலம் ஊரே என் வாசலில் கூடிவிட்டது. முன் வரிசையில் யார் என்கிறீர்கள்? முந்தின நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள்தான். "உன் வாய்க்கு ஒரு பூட்டு இல்லையாயா? கோட்டைக்காரன்கிட்ட போயா வம்பு?" என்று கத்தினவர் ஊர் நாட்டார் தனக்கோடி. "நீங்ககூட சிரிச்சீங்களே நாட்டாரே" என்றேன். "யார்யா சிரிச்சது? நான் இருமினேன்" என்றார். அதைக் கேட்டவுடன் பின்னால் நின்ற எல்லாருக்கும் போன ராத்திரி இருமல்தான் என்று ஞாபகம் வந்துவிட்டது.

கதவு பிற்பாடு திறந்தது, ஆனால் என் பயம் போகவில்லை. இந்த வருஷம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளலாம் என்று, திருவிழாவுக்கு முன்னாலேயே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "உங்களைப் பற்றி என்ன சொல்லலாம்?" என்று கேட்டு உத்தரவு வாங்கக் கிளம்பினேன். முதலில் நாட்டார். அவர் கரையில் நின்றபடியே கடலுக்கு வழி சொல்லுவார், அவரைத் தோணியில் பார்த்த ஆள் இப்போது ஊரில் உயிரோடு இல்லை. "தாராளமா சொல்லுய்யா, நான் இன்னா கோவிச்சுக்கவா போறேன்? கடலு, தோணி, தண்ணி, தைரியம், இது மட்டும் வாணாம். ஆனா அந்த மரைக்காயர் கப்பல் கதைய உட்றாத, இன்னா?" என்றார். அங்கிருந்து கடைத்தெருவில் மக்பூல் மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனேன். அவர் தகப்பனார் காலம் முதல் கிட்டங்கி வாசலில் அம்மன் நிற்பதும் அவர்கள் பன்னீர் தெளிப்பதும் வழக்கம், ஏச்சிலும் பங்கு உண்டு. அவருடைய கப்பல் ஜாவாவிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, நான் மீசை முளைக்காதவனாக இருந்த காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. "வரதா, எனக்குச் சிரிப்புன்னா உசுரு. கப்பலை மட்டும் விட்டுடு, அது வந்துடும். துபாஷிய நல்லா நாலு இழுப்பு இழு" என்றார். துபாஷி பூபதி வெயிலில் ஒல்லாந்துக் காலுறை போட்டுக்கொண்டு வியர்வையில் ஊறி உட்கார்ந்திருந்தார். கோட்டை கூடாது, கப்பித்தான் கூடாது, கும்பினி, பாஷை, பொய்முடி, காலுறை எதுவும் கூடாது என்று அடுக்கிவிட்டு, "நாலு பேரு சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லாத, மத்தபடி உன் இஷ்டம்" என்றார். வாசல் வரை வந்தவனைக் கூப்பிட்டு, "நாட்டாருக்குத் தோணியில காலு வெச்சா வாந்தி வந்துடுமாமே, அத்த சொல்லேன்யா" என்று ரகசியமாகச் சொன்னார். இப்படியே ஊர் முழுக்கச் சுற்றிவந்தேன். எல்லார் கதையும் எனக்குக் கிடைத்துவிட்டது, ஒருவர் கதைக்கும் உத்தரவு கிடைக்கவில்லை. தங்கள் தங்கை கேட்டாள்: "யோவ், நீ கோமாளியா, இல்ல கண்ணாலத்துக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கிற ஆளா?"

திருவிழா வந்தது. அம்மன் புறப்பட்டு முதல் வாசலாக நாட்டார் வாசலில் நின்றாள். சின்னதம்பி மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நாட்டார் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பல்லிளித்தபடி நிற்கிறார். கடல் என்று சொல்ல வாயெடுத்தேன், கூடாது. தோணி, கூடாது. தைரியம், அதுவும் கூடாது. மத்தளம் இன்னொரு தட்டுத் தட்டியது. ஜனம் முண்டியடிக்கிறது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டு, "தனக்கோடி நாட்டார் உத்தமர்! ஊருக்கு ஆலமரமாய் நின்றவர்! அவரைப்போல் இனி ஒருவர் வருவாரா?" என்றது. மத்தளம் நின்றுவிட்டது. உள்ளே தேங்காய் உடைக்கப் போன நாட்டார் சம்சாரம் காதில் இது விழுந்ததும், "ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டியே எஞ்சாமி!" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து கட்டிப் பிடித்து அழ ஆரம்பித்தார்கள். நாட்டாருக்கு வாய் நிறைய வெற்றிலை, பேச முடியவில்லை, சமாதானம் சொல்ல உள்ளே ஓடினார், செத்தவர் எழுந்து நடந்து வருவதைப் பார்த்த பெண்கள் போட்ட கூச்சலில் அம்மனைத் தூக்கினவர்களே அம்மனை இறக்கி வைத்துவிட்டார்கள். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை மச்சான்! பயத்தில் அடுத்த வாசலிலும் அதே புகழ்ச்சி, அதற்கடுத்த வாசலிலும் அதே. மரைக்காயர் பன்னீர்ச் செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு, "வரதா, கப்பல் வர்றதுக்குள்ள என்னை அனுப்பிட்டியேடா" என்றார், குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூபதி வாசலில் புகழ்ந்தது எப்படியோ மீஞ்சூருக்கு எட்டி, அவருடைய பங்காளிகள் கோடித் துணியும் வாழை இலையுமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி என்றுதான் நினைத்தேன். மறுநாள் பாடு சீட்டு. ஏரியில் எந்தக் குப்பத்துக்காரர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று, குடத்தில் ஓலைத் துண்டுகளைப் போட்டு ஒவ்வொரு ஊர் நாட்டாரும் கைவிட்டு எடுப்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் நாட்டார் குடத்தில் கைவைக்கப் போகும்போது மற்றக் குப்பத்தார் எழுந்து தடுத்துவிட்டார்கள். "உங்க நாட்டார அம்மன் முன்னால கோமாளி புகழ்ந்துட்டான். வீட்ல ஒப்பாரி வெச்சாச்சு. தீட்டுக்காரரு குடத்தத் தொடலாமா?" என்றார்கள். நியாயம்தானே, எங்கள் வழக்கத்தைத்தானே அவர்கள் சொல்லுகிறார்கள். எல்லாரும் எடுத்தபின் மிஞ்சின துண்டு எங்களுக்கு. முகத்துவாரத்து இறால் பாடு பக்கத்துக் குப்பத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கணுக்கால் ஆழச் சேறு, கெளுத்தியைத் தவிர ஒன்றும் அகப்படாது, அதையும் கையாலேயே பிடித்துவிடலாம், வலை எதற்கு?

ஊர் கூடியது. போன வருஷம் ஏசினதற்குக் கத்தின அதே வாய்கள் ஏசாததற்குக் கத்தின. "எங்கள உசுரோட பொதச்சிட்டியே பாவி" என்று நாட்டாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் தீர்ப்பு: வெள்ளிக்கிழமை அம்மன் திரும்பிக் கோயிலுக்குப் போகும்போது நான் மறுபடி முன்னால் நடந்து, ஒரு வாசல் விடாமல் ஏச வேண்டும். எல்லா வாசலிலும் சிரிப்பு கேட்டால் எல்லாரும் உயிரோடு இருப்பதாக மற்றக் குப்பத்தார் ஒப்புக்கொண்டு சீட்டை மறுபடி போடுவார்கள். கேட்காவிட்டால் ஊர் இந்தப் பருவம் முழுக்கச் சேற்றில், என் கோமாளிக் குல்லா வேறொருவன் தலையில். நாட்டார் தாமாகவே வந்து, "கடலு, தோணி, வாந்தி எல்லாத்தையும் சொல்லித் தொலையா" என்றார். துபாஷி மட்டும் ஆள்விட்டு, "காலுறைன்னு ஒரு வார்த்தை வந்தா கோட்டைக் கதவு மறுபடி சாத்திக்கும்" என்று சொல்லியனுப்பினார். எனக்கானால் வாயில் ஏச்சே வரவில்லை மச்சான். வீட்டு ஆட்டை வைத்துப் பழகிப் பார்த்தேன், அதையும் "உத்தமி" என்றுதான் சொல்ல வந்தது. ஜெயம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் ஏச்சுல எங்களுக்குக் கோவமும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. உன் புகழ்ச்சில ஒப்பாரிதான்யா வந்துச்சு." அப்படிச் சொல்லிவிட்டு அவளும் அழுதாள். இருபது வருஷக் குடித்தனத்தில் நான் பேசி அவள் அழுதது இதுதான் முதல் தடவை.

ஆகையால் மச்சான், கோமாளித் தொழிலை இன்றோடு விட்டேன். வியாழக்கிழமை தோணி ஏறி அங்கே வந்துவிடுகிறேன். தங்கள் வலைகளில் கிழிசல் இருந்தால் மூலையில் உட்கார்ந்து முடிந்துகொண்டிருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன், யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன், அதையும் தாங்கள் உத்தரவு கொடுத்தால்தான். ஒரு பிடி சோறும் ஒரு பாயும் போதும். வீட்டில் பெரியவர்களுக்கு என் தண்டம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் வலையில் மீன் நிறையவும் தங்கள் கூரையில் காற்று குறையவும் எல்லையம்மன் அருள வேண்டும்.

இப்படிக்கு,
இனி வாய் திறக்காத,
வரதன்

பின்குறிப்பு: ஓலையைக் கட்டுகிற நேரத்தில் ஒரு பயம் பிடித்தது. இதில் பெரியவர்கள் பேரெல்லாம் வருகிறதே, நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால்? எதற்கும் முன்கூட்டியே உத்தரவு வாங்கிவிடலாம் என்று அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து, முழுவதையும் வாசித்தேன். ஊரும் பின்னாலேயே வந்துவிட்டது. காலுறை வந்த இடத்தில் நாட்டார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வாந்தி வந்த இடத்தில் அவர் சம்சாரமே, "அத்த ரெண்டு தபா எடுப்பாரு, எழுதிக்கோ" என்றாள். மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பல் பற்றி இவ்வளவு கொஞ்சமா எழுதுவது என்று கேட்டார். பூபதி மட்டும் விருட்டென்று எழுந்து, "நாளையிலேந்து கோட்டைக் கதவு தொறக்காது" என்றார். நான் ஓலையைச் சுருட்டிவிட்டேன். ஜெயம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூடவே மீன்காரப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். "சாத்திக்கோ துபாஷி. போன வருசம் திரும்பி நடந்தது நாங்கதான், இந்த வருசமும் நடப்போம். கப்பித்தானு மீனு இல்லாம எத்தினி நாளு திம்பான்னு நாங்களும் பாக்குறோம். நீ படிய்யா" என்றாள். சுருட்டின ஓலையை விரித்து விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தேன் மச்சான், சத்தியமாய்ச் சொல்லுகிறேன். பூபதி நின்றார், யோசித்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "என் வாசலுக்கும் வந்து ஏசிட்டுப் போ. மீஞ்சூர்க்காரங்க இன்னும் ஊட்லயே கீறாங்க, நான் உசுரோட கீறேன்னு நான் சொன்னா நம்ப மாட்டேன்றாங்க" என்றார்.

ஆகையால் மேலே எழுதினது எதையும் பொருட்படுத்த வேண்டாம், நான் வரவில்லை. தாங்கள்தான் இங்கே வர வேண்டும். தங்களைப் பற்றிய கதைகளை ஜெயம்மா மண்டபத்திலேயே ஆரம்பித்து இன்னும் சொல்லி முடிக்கவில்லை, உத்தரவு கேட்கிற வழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து எங்கள் வாசலில் நில்லுங்கள். வராவிட்டால், வேறு வழியில்லை, அம்மன் முன்னால் தங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவேன்.