நிஜாமை லாரியில் ஏற்றாத கதை

அத்தர் வாசனையும் மக்கிய தாளின் வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றும் காது மடல் சூடாகிவிடும். கூத்தாநல்லூரில் என் சிநேகிதன் நிஜாமின் தகரப் பெட்டி அப்படித்தான் மணக்கும். உள்ளே முழுக்கப் போர்ச் சாகச காமிக்ஸ்.

அதில் இரண்டு ரகம். ஒன்றில் நாயகன் ஒற்றை ஆளாக டாங்கியைக் கவிழ்ப்பான். குண்டு பாயும்போதும் வசனம் பேசுவான். உயிர் ஊசலாடும் கட்டத்தில் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். நான் அந்தக் கட்சி. இன்னொன்றில் சண்டையே வராது. சேற்றில் ஒருவன் பூட்ஸைத் தேடுவான். பக்கம் முழுக்கப் பேச்சில்லை, மழை மட்டும். நிஜாமுக்கு அதுதான் உயிர். (“இதுல என்னடா இருக்கு?” என்பேன். “இதுலதான்டா பயம் இருக்கு” என்பான்.)

பிறகு அவன் குவைத்துக்குக் கடை வேலைக்குப் போனான். பின்னாலேயே நிஜப் போரும் போனது. சேதியே இல்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தும் அவன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கிருந்து தப்பி வந்த காதர் பாய், பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைப் பிடித்தார். “நிஜாம் எல்லையில லாரி ஏறிட்டான், நானே பார்த்தேன். அவங்க அம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லுப்பா. நான் எம் புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டு வந்துர்றேன்.”

ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சேதி. காமிக்ஸ் படித்த வாய் சும்மா இருக்குமா? நிஜாம் வீட்டு முற்றத்தில், அவன் அம்மா முன்னால் நின்று ஆரம்பித்தேன். மணற்புயல். நாலா பக்கமும் டாங்கி. டுமீல்! தூரத்தில் ஒரு லாரி. நிஜாம் ஓடுகிறான், பின்னாலேயே குண்டு... “அப்பத்தான்மா...” என்று நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

சொம்பு வரவில்லை. அவர் சரிந்துவிட்டார். அலறலில் தெரு திரண்டது. நான் அடுத்த கட்டத்தைக் கத்திக்கொண்டேதான் இருந்தேன், கேட்க ஆளில்லை. நிஜாம் போய்விட்டான் என்றே முடிவு கட்டி வாசலில் பாய் விரித்தாயிற்று. துவா ஓத ஹஜ்ரத்தை அழைத்து வர ஆள் போயாயிற்று.

காதர் பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “நல்லாத்தானே லாரியில ஏறினான்! யாருடா எறக்கிவிட்டது?”

எல்லா விரலும் என் பக்கம் நீண்டன.

கொஞ்ச நாளில் நிஜாமே வந்து சேர்ந்தான். போர் எப்படியடா இருந்தது என்று கேட்டேன். “லாரியில ஒரு செருப்பு தொலஞ்சு போச்சு. வழியெல்லாம் அதையேதான் தேடிக்கிட்டு வந்தேன்” என்றான். நான் கேலி செய்த அந்த ரகக் கதை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வீட்டில் இப்போதும் யாராவது பேச்சை இழுத்தால், “மொதல்ல லாரியில ஏத்துப்பா” என்பார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வருடம் அவன் துபாய்க்குக் கிளம்பினான். (கரை சேர்க்க இரண்டு தங்கைகள், பயந்தால் ஆகுமா?) அவன் அம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பஸ் நகர, ஜன்னலில் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“மச்சான், ஏதாச்சும் சேதி வந்தா அம்மாகிட்ட கடைசிக் கட்டத்த மொதல்ல சொல்லிடு. என்ன சேதியா இருந்தாலும்.”