துண்டு காவலுக்கு ஆள் நான் இல்லை

நெப்ராஸ்கா
ஜூன் மாதம், ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள தங்கை ஆர்டித்துக்கு, உன் அக்காள் லியோனா எழுதிக்கொள்வது.

இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். நீளமான பதில் வேண்டாம். இந்த வருஷம் மழை போதுமான அளவு பெய்திருக்கிறது, சோளம் நன்றாக வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் நாங்கள் குடும்பத்தோடு மேற்கே புறப்படுகிறோம். என் மகன் கர்ட், அவன் பெண்டாட்டி ரோண்டா, பேத்தி ஹேலி, நான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியில் வயோமிங் வழியாக ஐடஹோ வந்து, உன் ஊர் சால்மன் ஆற்றிலேயே, நுரை கக்குகிற இடமாகப் பார்த்து, ரப்பர் படகில் இறங்கப் போகிறோம். உன் வீட்டுக்கு வர மாட்டோம். உன் தெருமுனையைத் தொட்டுக்கொண்டுதான் பாதை போகிறது என்று ஹேலி வரைபடத்தில் காட்டினாள். தொட்டுக்கொண்டு போவோம், இறங்க மாட்டோம். அதனால் நீ பழம் வைத்த பை பலகாரம் எதுவும் சுட வேண்டாம், படுக்கை விரிக்க வேண்டாம். காரணம் உனக்கே தெரியும். மறந்துபோன மாதிரி நீ நடிக்கக்கூடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

1957ஆம் வருஷம் அப்பா நம்மை மேற்கே கூட்டிப்போனார். நம்மை என்றா எழுதினேன்? உன்னை. அம்மை முதலில் வந்தது உனக்குத்தான். ஒரே படுக்கையில் படுத்திருந்த எனக்கு, நீ எழுந்து ஆடிப்பாடித் திரிய ஆரம்பித்த பிறகு, கார் கிளம்புகிற காலையில் கழுத்தில் முதல் கொப்புளம் போட்டது. என் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கென்று பேசி வைத்திருந்த ஜன்னலோரத்தில் நீ ஏறி உட்கார்ந்தாய். நான் ஹெர்மினா அத்தை வீட்டில் சொறிந்துகொண்டே கோழிக்குத் தீவனம் போட்டேன். நீ திரும்பி வந்ததும், "எப்படிடி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமே இல்லைக்கா, வெறும் பாறை"ன்னு சொன்னே. வெறும் பாறையைப் பார்க்கத்தான் பெரியவளானதும் அங்கேயே ஒருத்தனைக் கட்டிக்கிட்டுக் குடியேறினியா? அது போகட்டும். போன கிறிஸ்துமஸுக்கு நீ எழுதின கடிதத்தில், இத்தனை காலம் ஆற்றங்கரையில் வீடு வைத்திருந்தும் ஒரு தடவைகூட ஆற்றில் இறங்கினதில்லை என்று ஏதோ பெருமை மாதிரி எழுதியிருந்தாய். அன்றைக்கு என் கோபம் இரண்டாகிவிட்டது. என் இடத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒன்று. எடுத்துக்கொண்டு வீணாக்கினதற்கு ஒன்று.

பயணப் பேச்சு எழுந்த நாள் முதலாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை, ஆர்டித். பாத்திரம் கழுவினால் தொட்டியில் எழும்புகிற நுரை ஒரு மலைச்சரிவிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. கொடியில் போட்ட போர்வை காற்றில் உப்பினால் அதுக்குப் பின்னால் மலை இருக்கிறது. சர்ச்சில் பாஸ்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு வளைவைத் தாண்டிவிடுகிறேன். எல்லாரும் ஆமென் சொல்லும்போதுதான் கரைக்கு வருகிறேன். மலை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். நீலமாக, கொஞ்சம் அசைகிற மாதிரி.

இந்த நினைப்பிலே நான் இருக்கும்போதுதான் சமையலறை மேசையில் கூட்டம் போட்டார்கள். ரோண்டா சுவரில் வரைபடத்தை ஒட்டி வைத்து ஆளாளுக்கு வேலை பிரித்தாள். கர்ட் வண்டி ஓட்டணும், ஹேலி வழி சொல்லணும், ரோண்டா சமையல். பிறகு என் பக்கம் திரும்பி, சர்க்கரை தடவின குரலில், "அத்தே, நீங்க கரையில வசதியா நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டு எங்க துண்டை எல்லாம் பார்த்துக்குங்க" என்றாள். நான் கேட்டேன், "துண்டு எங்கேடி ஓடிப்போகப் போகுது, நான் பார்த்துக்க?" கர்ட் மேசையைப் பார்த்துக்கொண்டே, "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான். அம்மை போட்ட அன்றைக்கு ஹெர்மினா அத்தையும் இதையேதான் சொன்னாள். ஒரு தடவை கோழி, இந்தத் தடவை துண்டு. படகில் எனக்கு இடம் இல்லையென்றால் நான் வண்டியிலேயே ஏறவில்லை என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். இந்த ரோண்டாதான், என் வீட்டுக்காரர் கார்லை அடக்கம் பண்ணின அன்றைக்கு, கடையில் வாங்கின மாவில் பை செய்து என் கண்ணாடித் தட்டில் வைத்து, ஜனங்கள் அதை நான் செய்தது என்று நினைக்கும்படி விட்டவள். அதை நான் மறக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சர்ச்சில் நமக்குப் பழக்கமான மெர்ல் நோவாக் தன் வீட்டு வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மீன் மட்டும் பொரிக்கக் கூடாது, மற்றபடி உங்கள் வண்டி மாதிரி என்றார். கர்ட் அதை வாசலில் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதற்குள் தபால் பெட்டி சாய்ந்தது, ஊஞ்சல் சாய்ந்தது, நாய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வாசலிலேயே குடியிருந்து பழகுங்கள் என்று மெர்ல் சொன்னபடி, பத்தடியில் எங்கள் வீடு இருக்க, நாங்கள் நாலு பேரும் வண்டிக்குள் முட்டிக்கொண்டு மிளகாய் போட்ட பீன்ஸும் இலவங்கப்பட்டை தூவின இனிப்பு ரொட்டிச் சுருளும் சாப்பிட்டோம். நான் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற படுக்கையில் ஏறிப் படுத்தேன். சிறிய ஜன்னல். அது வழியாகப் பார்த்தால் வீடு தெரியாது, சோளக்கொல்லை மட்டும். சாயங்காலக் காற்றில் சோளம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் சோளம் நின்றுவிட்டது, வண்டி ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் நெப்ராஸ்காவைத் தாண்டினேன். வயோமிங்கில் குளிர் காற்று முகத்தில் அடித்தது. நிஜமாகவே அடித்ததடி. இனி அடுத்த வளைவில் மலை என்று நான் எழுந்து உட்காரும்போது கீழேயிருந்து கர்ட், "ஐயோ, எல்லாரும் தள்ளிப்போங்க!" என்று கத்தினான். கக்கூஸ் தொட்டியின் குழாயை எப்படித் திறப்பது என்று பழகிப் பார்த்திருக்கிறான். திறப்பது வந்தது, மூடுவது வரவில்லை. எல்லாம் ரோண்டாவின் பியோனிப் பூச்செடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜன்னலை மட்டும் சாத்தினேன்.

படகில் என் இடம் விஷயத்தை ஹேலிதான் எடுத்தாள். "பாட்டி வரலாமா கூடாதான்னு நாமளே ஏன் சொல்லணும்? படகு விடுறவங்களையே கேட்போம்" என்று போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். படகோட்டி டெஸ் என்று ஒரு பெண் பேசினாள். இது மூன்றாம் வகுப்பு ஆறு, பாட்டியால் சமாளிக்க முடியுமா என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"அம்மாடி, நான் எட்டாம் வகுப்பு முடிச்சவ. அதுக்கு மேல எங்கப்பா அனுப்பல, அது அவர் தப்பு. மூணாம் வகுப்பெல்லாம் எனக்குச் சாதாரணம்" என்றேன்.

அந்தப் பெண் இருமுகிற மாதிரி சிரித்துவிட்டுச் சொன்னாள், "அது படிப்பு இல்லைங்க பாட்டி, ஆத்தோட வேகம். ஒண்ணுன்னா சும்மா ஓடும். ஆறாம் வகுப்புன்னா யாருமே போக மாட்டோம். அதுக்கு மேல வகுப்பே கிடையாது."

"அப்போ ஆறு ஆறாவதோட நின்னுடுச்சு. நான் அதைவிட ரெண்டு கூட" என்றேன். என் மேல் தப்பு ஒன்றும் இல்லை, வகுப்பு என்று பெயர் வைத்தது அவர்கள்.

வயசுக்கு மேல்வரம்பு கிடையாது என்று அந்தப் பெண் சொன்னாள். உட்கார்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளத் தெரியணும். அதைவிட முக்கியம், அவள் முன்னால என்றால் முன்னால, நிறுத்து என்றால் நிறுத்து, சாய் என்றால் சாய், ஏன் என்று கேட்காமல் செய்யணும். இதைக் கேட்டதுதான் தாமதம், கர்ட் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். "அம்மாவா? சொன்னதைக் கேட்கிறதா? எங்கப்பா உயிரோட இருந்திருந்தா இதைக் கேட்டே செத்திருப்பாரு!"

"சோதிச்சுப் பாருடா" என்றேன். அதனால் போன ஞாயிறு சீடர் ஆற்றில் சோதனை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பெரிய வட்டத் தகரத் தொட்டியை ஆற்றில் இறக்கி, உள்ளே பெஞ்சு போட்டு, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து மிதந்து போகிற நம் ஊர் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஐடஹோக்காரர்களிடம் சொல்லாதே, சிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு துடுப்பு. கட்டளை போடுகிறவள் ரோண்டா. கரை விட்டதும், "முன்னால தள்ளுங்க!" என்றாள். ஆர்டித், நீயே சொல், வட்டத் தொட்டிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். தள்ளினேன். அவரவர் முன்பக்கம் அவரவர் தள்ள, தொட்டி பம்பரம் மாதிரி சுழன்றது. "வலப்பக்கம் சாயுங்க!" என்றாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், என் வலம் கர்ட்டுக்கு இடம். சாய்ந்தேன். மணல் திட்டில் முட்டினோம். கர்ட் எழுந்து, "யார் வலதுன்னு சொல்லித் தொலையேன்!" என்று கத்தும்போதே வெளியே விழுந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் உட்கார்ந்தான். "அப்பா, நீங்கதான் பெயில்!" என்றாள் ஹேலி. ரோண்டா மட்டும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தபடி, துடுப்பைத் தொடாமல், கத்திக்கொண்டே இருந்தாள். அதிகாரம் பண்ணுகிறவர்களுக்கு அது வசதி.

பிறகு வளைவு தாண்டித் தண்ணீர் அமைதியானது. "நிறுத்துங்க" என்றாள், நிறுத்தினேன். ஒருத்தரும் துடுப்புப் போடவில்லை. தொட்டி தானாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. இலவம்பஞ்சு மாதிரி காட்டன்வுட் மரத்துப் பஞ்சு வானம் முழுக்க மிதந்து வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. கரையில் நின்ற மாடுகள் தங்கள் தொட்டி எங்கே போகிறது என்று பார்த்தன. ஒரு சுற்றில் மாடு, அடுத்த சுற்றில் மரம், அதற்கடுத்த சுற்றில் வெயில். எனக்கு எத்தனை வயது என்பது எங்கேயோ கரையில் விட்டுப்போன செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தண்ணீர் கிழக்கே போகிறது, நான் மேற்கே போகிறேன், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று தோன்றியது. அதில் ஒரு முரணும் தெரியவில்லை. யாரோ எதையோ சொல்ல, சொன்னதைச் செய்துகொண்டே இருந்தேன். கேட்டு நடப்பது இவ்வளவு லேசான காரியம் என்று தெரிந்திருந்தால் கார்ல் இருக்கும்போதே ஒரு நாள் பழகிப் பார்த்திருப்பேன்.

கரை சேர்ந்ததும் கர்ட் சட்டையைப் பிழிந்துகொண்டே, "அம்மா பாஸ்" என்றான். எனக்குப் படகில் இடம் உறுதியாகிவிட்டது. முன்வரிசை.

ஆகையால் உன் தெருமுனையைத் தாண்டும்போது நான் ஜன்னலோரத்தில் இருப்பேன். வேண்டுமானால் வாசலில் நின்று கையாட்டு. நான் பார்ப்பேனா என்று சொல்ல முடியாது.

உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் என் விசாரிப்பு, உனக்குப் பாதி. கர்த்தர் உன் கூரையையும் உன் இடுப்பெலும்பையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்காள்
லியோனா

பின்குறிப்பு: உறையை ஒட்ட எச்சில் தொடும் நேரத்தில் ரோண்டா வந்து கதவருகே நின்றாள். "அத்தே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னா பயம். அந்தத் தொட்டியிலேயே எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு. துண்டை நானே பார்த்துக்கறேன்." முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடி என்றேன். "நீங்க சிரிப்பீங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. பை விஷயத்தில் அவளை மன்னித்தேன், தட்டு விஷயம் யோசனையில் இருக்கிறது. மேலே அவளைப் பற்றி எழுதினதையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

இப்போது முன்வரிசையில் என் பக்கத்து இடம் காலி. அங்கே ஜோடி இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்குமாம். கர்ட்டும் ஹேலியும் பின்னால் வேண்டும். அதனால் உன் வீட்டில் இறங்குகிறோம், இரண்டு நாள் தங்குகிறோம், பை சுடு, செர்ரி என்றால் நல்லது. நனைந்தால் காய்கிற உடுப்பும் காலோடு கட்டுகிற செருப்பும் எடுத்து வை. முடியாது, வயசாச்சு என்று எழுதாதே. நீ என்னைவிடச் சின்னவள், அதையும் நான் மறக்கவில்லை. உனக்கு இடப்பக்கம் பேசி வைத்திருக்கிறேன். முதல் அலை அந்தப் பக்கம்தான் அடிக்கும் என்று டெஸ்ஸிடம் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேசினேன்.